குளித்து வரும் தண்ணீர்

போர்க்காரர் வீட்டு மருமகள் எங்கே என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கையை நீட்டி வழி காட்டிவிடுவார்கள். போர் என்றதும் துப்பாக்கி, பட்டாளம் என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். இது பூமியில் ஓட்டை போடுகிற போர். அவளுடைய மாமனார் வாழ்நாளெல்லாம் போர் வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றி, பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர். மருமகளோ அந்தத் தண்ணீரிலிருந்து யுரேனியத்தைப் பிரித்தெடுக்கிறவள். இப்படி ஒரு பொருத்தம் எந்தக் கல்யாணத் தரகருக்கும் தோன்றியிருக்காது.

அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு: வடிகட்டி. செல்லப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். வடிகட்டின பொய், வடிகட்டின முட்டாள்தனம் என்றெல்லாம் சொல்வோமே, அந்த அர்த்தத்தில் எதிர்வீட்டு டெய்லர் அக்கா ஒருநாள் வாய்க்கு வந்தபடி சொல்லிவைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அதே அக்கா அதே பெயரைச் சொல்லி, "எங்க வடிகட்டி இருக்காளே..." என்று வெளியாட்களிடம் பீற்றிக்கொள்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு கேன் தண்ணீர் கம்பெனியில் கேன் கழுவிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஈரம்; விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியே இருக்கும். அங்கிருந்த சூப்பர்வைசர் கழுவி வைத்த கேனுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். சோப்பு வழுக்கினால் திருப்பி அனுப்பிவிடுவார். இவள் கழுவியதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. "கழுவறது வேற, தண்ணி காட்டறது வேற" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைச் சீண்டுவாள். அந்தக் கர்வம் அவளுக்கு அப்போதே உண்டு. அப்படிப்பட்டவள்தான், வாழ்க்கையிலேயே முக்கியமான ஒரு நாளில், அரைகுறையாகக் கழுவிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

அதற்கு முன்னால் போர்க்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போர் வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துளையில் தண்ணீர் வந்து தெளிந்ததும், வண்டியின் தலைமை ஆள் ஒரு வாய் வாங்கிக் கொப்பளித்துத் துப்புவார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "நல்ல தண்ணி" என்றால் குழாயை இறக்குவார்கள். "உப்பு" என்றால் கம்பிகளை உருவிக்கொண்டு வண்டி கிளம்பிவிடும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. போர்க்காரரின் நாக்கு அந்த வட்டாரத்தில் பேர்போன நாக்கு. வீட்டுக்காரர் கெஞ்சுகிறாரே, பாவம், இன்னொரு தரம் பார்ப்போம் என்று அவர் ஒரு நாளும் வார்த்தையை மாற்றியதில்லை.

வண்டியை விற்பதற்கு முன்னால் கடைசி வேலையாகத் தன் வீட்டு வாசலிலேயே ஒரு போர் போட்டார். சுற்றுவட்டாரம் முழுக்க உப்புத் தண்ணீர். இங்கேயும் அதுதான் வரும், வீண்வேலை என்று கூட வேலை செய்தவர்களே சொன்னார்கள். பாறைக்குக் கீழே பாறை. அவர் ஒற்றைக் காலில் நின்று இறக்கிக்கொண்டே போனார். கடைசியில் பீறிட்டு வந்து தெளிந்தது பாருங்கள், கண்ணாடி மாதிரி, சில்லென்று! கொப்பளித்தார், துப்பினார், "நல்ல தண்ணி" என்றார். அப்போது அவர் கண் கலங்கியது என்று அவருடைய மகன் சொல்வான். காம்பவுண்டுச் சுவரில் ஓட்டை போட்டுத் தெருப்பக்கம் குழாய் வைத்தார். தெரு மொத்தமும் வந்து பிடித்தது. மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடங்கள் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு பொழுதுபோக்கே அவருக்குத் தேவைப்படவில்லை.

இந்த நிம்மதியில்தான் மண் விழுந்தது. நகராட்சியிலிருந்து தண்ணீர் சோதிக்க வந்தவர்கள் அந்தத் தெருக் குழாயிலும் ஒரு பாட்டில் பிடித்துப் போனார்கள். யுரேனியம் இருக்கிறது, குடிக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது என்று பதில் வந்தது. யாரும் கொண்டுவந்து கொட்டியதில்லை. அந்த ஊர்ப் பாறையிலேயே இருப்பது. ஆழத்தில் பாறையோடு உரசிக் கிடக்கிற தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து சேர்ந்துகொள்கிறது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. வருஷக்கணக்கில் குடித்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். ஆஸ்பத்திரி நர்ஸம்மா வீடு வீடாக வந்து சோதித்ததில் அந்தத் தெருவில் சிலருக்குச் சிறுநீரகம் சோர்ந்திருப்பது தெரிந்தது. முதல் ஆள் போர்க்காரர். சாயங்காலமானால் அவருக்குக் கால் வீங்கும். செருப்பின் வார் பதிந்த தடம் காலில் அப்படியே நிற்கும். அதைத் துண்டால் மூடிக்கொண்டு உட்காருவார்.

தெருக்கோடியில் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு பிளான்ட் போடுவதென்று முடிவானது. போர்க்காரரின் போரிலிருந்தே குழாய் இழுத்து, அங்கே யுரேனியத்தை எடுத்துவிட்டு, அங்கேயே பிடித்துக்கொள்ளக் குழாய்கள் வைப்பார்கள். "உங்க தண்ணியைத்தான் எடுக்கப் போறோம் சார்" என்று இன்ஜினியர் மேடம் வந்து கேட்டதும் மனிதர் சம்மதித்துவிட்டார். ஆனால் தன் வாசல் குழாயை மூடச் சம்மதிக்கவில்லை. அவர் சுவர், அவர் குழாய். அவராக மனசு வைத்தால்தான் உண்டு.

பிளான்டை ஓட்ட ஆள் தேவை என்றதும் மருமகள் முந்திக்கொண்டாள். பக்கத்து ஊர் பிளான்டில் பல மாதம் போய் வேலை கற்றுக்கொண்டாள். அவளுடைய கணவன் பஸ் கண்டக்டர். "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்று அவன் சொன்னது என்னவோ உண்மை. ஆனால் பார்த்துக்கொண்டதென்னவோ அவள்தான், வீடு, வேலை இரண்டையும்.

அந்த அறையை நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டு கார் நிறுத்துகிற அளவுக்கு இடம், சிமென்ட் தரை, மூலையில் பம்பு, சுவரோரம் உப்பு மூட்டைகள். நடுவில் ஆளைவிட உயரமாக இரண்டு ஃபைபர் உருளைகள். உள்ளே ரெசின் என்கிற மணிகள், கடுகைவிடச் சின்னதாக, தேன் நிறத்தில், கோடிக்கணக்கில். ஒவ்வொரு மணியும் கையில் கொஞ்சம் உப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் மேலிருந்து இறங்கும்போது அந்த உப்பை விட்டுவிட்டு யுரேனியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மணிகளுக்குக் கை நிறைந்துவிட்டால், அடர்த்தியான உப்புக் கரைசலை உள்ளே விட வேண்டும். உடனே பழையபடி உப்பைப் பிடித்துக்கொண்டு யுரேனியத்தை விட்டுவிடும். அந்தக் கரைசல் நீல டிரம்களுக்குப் போகும். சீல் வைத்து, அதற்கென்று வருகிற வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பிறகு மிச்சமிருக்கிற உப்பு போகும்வரை மணிகளைக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரில் உப்பு குறைவதை ஒரு மீட்டர் காட்டும்.

முதல் உருளைக்கு அவள் மாமியார் என்று பெயர் வைத்தாள். இரண்டாவதற்கு மருமகள். "மாமியார் கண்ணுல தப்பினது மருமகள் கையில மாட்டும் மேடம்" என்றாள். இன்ஜினியர் மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. மறுநாளே அவரும் போனில், "மாமியார் எப்படி இருக்காங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

திறப்பு நாள் வந்தது. அன்று காலையில்தான் உருளைகளுக்கு உப்புக் கரைசல் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ரிப்பன் வெட்ட வேண்டிய கவுன்சிலர் எந்தக் காலத்திலும் இல்லாத வழக்கமாகச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வெளியே கூட்டம், நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். மீட்டர் முள் இறங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இறங்கி முடியவில்லை. 'இவ்வளவு கழுவியாச்சே, போதும்' என்று அவளுக்குத் தோன்றியது. கேன் கம்பெனியில் ஒரு நாளும் தோன்றாதது அன்றைக்குப் பார்த்துத் தோன்றியது. வால்வைத் திருப்பிவிட்டாள்.

முதல் டம்ளர் யாருக்கு? வேறு யாருக்கு, போர்க்காரருக்குத்தான். அவர் போரில் வந்த தண்ணீர், அவர் மருமகள் கையால். கவுன்சிலரே டம்ளரை நீட்டினார். போர்க்காரர் வாங்கினார். பழக்கம் விடுமா? ஒரு வாய் வைத்தார், கொப்பளித்தார், தரையில் துப்பினார்.

"உப்பு" என்றார்.

அவ்வளவுதான். கம்பிகளை உருவிக்கொண்டு வண்டி கிளம்பியது போலத் தெரு மொத்தமும் கிளம்பிவிட்டது. ரிப்பன் துண்டு கையோடு நின்ற கவுன்சிலர் முகத்தில் ஈயாடவில்லை. டெய்லர் அக்கா குடத்தைத் திருப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நல்ல தண்ணியை வாங்கி உப்புத் தண்ணியாக்கிக் கொடுக்கறதுக்கு இவ்வளவு பெரிய மெஷினா? இது வடிகட்டி இல்லம்மா, வடிகட்டின பொய்" என்றாள். பேர் அன்றைக்கு ஒட்டியது.

மருமகள் அழவில்லை. கூட்டம் போனதும் உள்ளே போய் மீட்டரைப் பார்த்தாள், மாமனார் நாக்கு சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று தெரிந்தது. "என் தப்புதான் மேடம். கழுவி முடிக்கறதுக்குள்ள திறந்துட்டேன்" என்று இன்ஜினியரிடம் போட்டு உடைத்தாள். "உப்பு உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, நாளைக்குச் சரியாயிடும்" என்று மேடம் சமாதானம் சொன்னார். தண்ணீர் சரியாகிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள்ளேயே மீட்டர் முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தெருதான் சரியாகவில்லை.

அவள் வீடு வீடாகப் போனாள். "குடிச்சுப் பாருங்க, உப்பு இல்ல" என்று தலைகீழாக நின்று பார்த்தாள். குடிக்காமலேயே உப்பு என்றார்கள். போர்க்காரர் சொன்ன பிறகு அப்பீல் ஏது? எல்லாரும் பழையபடி வாசல் குழாயிலேயே பிடித்தார்கள். டெய்லர் அக்கா மட்டும் கொஞ்சம் பயந்தவள். தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.

"நல்லாக் கொதிக்க வச்சுட்டேன். உள்ளே எது இருந்தாலும் செத்திருக்கும்" என்றாள்.

"அது உயிரோட இருந்தாத்தானே அக்கா சாகும்? கொதிக்க வச்சா தண்ணிதான் ஆவியாப் போகும். அது அப்படியே உட்கார்ந்திருக்கும். முன்னைவிட அடர்த்தியா இருக்கும்."

"போடி வடிகட்டி" என்று அக்கா கதவைச் சாத்தினாள்.

மழைக்காலத்துக்குள் தெரு தண்ணீர் பிடிக்க ஆரம்பிக்காவிட்டால் உருளைகளைக் கழற்றி, கேட்டுக்கொண்டிருக்கிற வேறு பகுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நகராட்சியிலிருந்து சொல்லிவிட்டார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. குடிக்கிறவர்களுக்குத்தானே கொடுக்க முடியும்? மேடம் தலையைக் குனிந்துகொண்டே இந்தச் சேதியைச் சொன்னார். வேலை போய்விடுமே என்பதல்ல அவளுடைய கவலை. உருளைகள் போய்விட்டால் இந்தத் தெரு அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கும். துண்டுக்குள் மறைந்த அந்தக் கால்கள் அவள் கண்ணிலேயே நின்றன.

தெரு குடிக்க வேண்டுமானால் மாமனார் குடிக்க வேண்டும். அவரிடம் பேசிப் பார்த்தாள்.

"மாமா, உங்க நாக்குக்கு உப்பு தெரியும், துவர்ப்பு தெரியும். இதுக்கு ருசியே கிடையாதே மாமா."

"ருசியே இல்லாத ஒண்ணு உள்ளே இருக்குன்னு எதை வச்சும்மா நம்பறது?"

"மெஷின் காட்டுது மாமா."

அவர் குரல் உடைந்து வந்தது. "அப்போ இத்தனை வருஷமா இந்தத் தெருவுக்கு நான் விஷத்தையா ஊத்திக் கொடுத்தேன்? அதைத்தானே சொல்ல வர்றே?"

மனிதர் பிடிவாதக்காரர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அவருக்கு எங்கே வலிக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அதன் பிறகு யுரேனியம் என்ற வார்த்தையையே வீட்டுக்குள் எடுக்கவில்லை. இடையில் மாட்டிக்கொண்ட கண்டக்டர் வீட்டிலும் தன் தொழிலைத்தான் பார்த்தான். "நீ கொஞ்சம் நகர்ந்துக்கோ, அப்பா நீங்க கொஞ்சம் நகர்ந்துக்கோங்க" என்று இருவருக்கும் இடம் பண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தான். இருவரும் நகரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பழைய கதை சொல்வது போர்க்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு ஒரு மில் முதலாளியின் கதை. போர் போட்டு முதல் தண்ணீர் வந்ததுமே அந்த முதலாளி ஆசைப்பட்டு டம்ளரோடு ஓடிவந்து வாயில் ஊற்றிக்கொண்டாராம். வாய் முழுக்கப் பாறைத் தூள். முகம் போன போக்கைப் போர்க்காரர் நடித்தே காட்டினார். மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"முதல் தண்ணியை எவனாவது வாயில வைப்பானா? அதுல தூளும் கலங்கலும்தான் வரும். போட்ட போரை நல்லா இறைச்சு விடணும். கலங்கல் எல்லாம் போகணும். அதுக்கப்புறம்தான் நாக்கு. என் வண்டியில எவனாவது முதல் தண்ணியை வாயில வச்சான்னா அன்னிக்கே அவனை இறக்கி விட்டுடுவேன்" என்றார்.

மருமகள் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி பாதியில் நின்றது.

"அப்போ திறப்பு அன்னிக்கு மட்டும் ஏன் மாமா முதல் தண்ணியை வாயில வச்சீங்க?"

மகனின் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. போர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் கழுவி முடிக்கல, நீங்களும் இறைக்க விடல" என்றாள் அவள். குரலில் குத்தல் இல்லை. "என் தப்பை நான் அன்னிக்கே ஒத்துக்கிட்டேன் மாமா. உங்க வார்த்தை மட்டும் இன்னும் தெருவுல நிக்குது."

அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். தட்டில் பாதி அப்படியே இருந்தது. "உனக்கு வாய் ரொம்பத்தான்" என்று கணவன் முணுமுணுத்தான். வயசானவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிவிட்டோமே என்று அன்றைக்கு முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் அவள் பிளான்டைத் திறக்கப் போனபோது அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் சொந்த டம்ளர்.

"இன்னிக்குக் கழுவறியா?" என்றார்.

அன்றைக்குக் கழுவ வேண்டிய நாளில்லை. இருந்தாலும் மாமியாருக்கு உப்புக் கரைசல் விட்டாள், அவருக்காகவே. அவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் பார்த்தார். பம்பு சத்தத்தில் காதைக் கொடுத்துக் கேட்டார். கரைசல் டிரம்முக்குப் போய், கழுவும் தண்ணீர் வர ஆரம்பித்ததும் டம்ளரை நீட்டினார். கரைசல் முழுக்க டிரம்முக்குப் போய்விட்டதென்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவள் கொடுத்தாள். அவர் கொப்பளித்துத் துப்பினார். "உப்பு." கொஞ்சம் பொறுத்து மறுபடி. "உப்பு." இன்னும் கொஞ்சம் பொறுத்து, "குறையுது." அவள் மீட்டரைப் பார்ப்பதும் அவர் நாக்கைப் பார்ப்பதுமாக நின்றாள். மீட்டர் இறங்க இறங்க அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு வாய் வைத்தவர் துப்பவில்லை. விழுங்கிவிட்டார். இன்னொரு வாய் குடித்தார்.

"நல்ல தண்ணி" என்றார்.

அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் விடவில்லை. "மாமா, ஒண்ணு மறைக்கக் கூடாது. நீங்க சொன்னது உப்புக்குத்தான். அந்த இன்னொண்ணு போயிடுச்சான்னு உங்க நாக்காலயும் சொல்ல முடியாது, என் நாக்காலயும் சொல்ல முடியாது. லேப்தான் சொல்லணும்."

நினைத்துப் பாருங்கள். தெரு மொத்தத்தையும் திருப்பக்கூடிய வார்த்தை அப்போதுதான் அவர் வாயிலிருந்து விழுந்திருக்கிறது. வேறொருத்தியாக இருந்தால் அதை அப்படியே அமுக்கிக்கொண்டு வெளியே ஓடிப்போய்த் தண்டோரா போட்டிருப்பாள். இவள் நிறுத்தி நிதானமாக இதைச் சொன்னாள். அவளை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

"அதைக் கண்ணால பார்க்க முடியுமா?" என்று கேட்டார் அவர்.

மேடத்திடம் சொல்லி லேபுக்கு அழைத்துப் போனாள். டிரம் கரைசலிலிருந்து கொஞ்சம் எடுத்துப் படிய வைத்ததை, சீல் வைத்த கண்ணாடிக் குப்பியில் மேஜைமேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில், பிளான்ட் தண்ணீரைக் குடிக்கலாம் என்று சொல்லும் லேப் ரிப்போர்ட். குப்பியின் அடியில் மஞ்சளாக ஒரு படிவு, விரல் நகத்தால் சுரண்டி எடுக்கிற அளவு. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது என் போர்ல இருந்து வந்ததா?"

"ஆமா சார்" என்றார் மேடம். "அந்தப் பாறையில இருக்கறது. நீங்க போட்டது இல்ல. அந்தக் காலத்துல இதைக் கண்டுபிடிக்க இந்த ஊர்ல ஆளே கிடையாது, மெஷினும் கிடையாது."

"இத்தனை வருஷமா என் நாக்கு மேலதான் போயிருக்கு" என்றார் அவர். "ஒரு வார்த்தை சொல்லல பாருங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது. மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகப் பின்பக்கம் போய், பழைய வண்டிக் காலத்து ஸ்பேனரை எடுத்துவந்தார். வாசல் குழாயில் டெய்லர் அக்காவின் குடம் பாதி நிறைந்திருந்தது. அதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, குழாயின் திருகைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன பெரியவரே இது? நாங்க தண்ணிக்கு எங்க போறது?" என்று அக்கா பதறினாள்.

"தெருக்கோடிக்குப் போ."

"அது உப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கழுவி முடியறதுக்குள்ள வாயில வச்சுட்டேன். அது என் அவசரம்" என்றார், தெருவுக்கே கேட்கிற குரலில். "அங்க வர்றதும் நம்ம தண்ணிதான். குளிச்சுட்டு வருது, அவ்வளவுதான்."

ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. போர்க்காரர் வாயிலிருந்து "என் அவசரம்" என்ற சொல்லை அந்தத் தெரு அதற்கு முன்னால் கேட்டதில்லை. டெய்லர் அக்கா வெறும் குடத்தோடு தெருக்கோடிக்கு நடந்தாள். பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் நாலு பேர். மழை வருவதற்குள் பிளான்ட் வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டது. வரிசை இருந்தால் சண்டையும் இருக்க வேண்டுமே, அதுவும் நடந்தது. அந்தச் சண்டைச் சத்தம் காதில் விழுந்தபோதுதான் மருமகள் நிம்மதியாக மூச்சு விட்டாள். உருளைகள் எங்கேயும் போகவில்லை.

வாசல் குழாயடியில் வருஷக்கணக்காகத் தண்ணீர் தேங்கித் தேங்கி அந்த மண்ணிலும் யுரேனியம் ஏறியிருந்தது. முழங்கை ஆழத்துக்கு வெட்டியெடுத்து, மூட்டை கட்டி, டிரம்கள் போகிற அதே இடத்துக்கு அனுப்பினார்கள். புது மண் கொட்டி நிரவினார்கள். போர்க்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெட்டுகிறவர்களை ஒரு நிமிஷம் சும்மா விடவில்லை. "அந்த மூலையை விட்டுட்டியே, அது என்ன உன் மாமனார் வீட்டுச் சொத்தா?" என்று விரட்டினார்.

இதற்குப் பிறகு மருமகள் பெரிய ஆளாகிவிட்டாள் என்றெல்லாம் இல்லை. இன்றைக்கும் அதே அறை, அதே உப்பு மூட்டைகள். விரல் நுனிகள் இன்னும் சுருங்கித்தான் இருக்கின்றன. மீட்டர் முள் அடியில் போய்ப் படுக்காமல் வால்வைத் திருப்புவதில்லை. கவுன்சிலர் வந்தாலும் சரி, கடவுளே வந்தாலும் சரி, வெளியே நிற்க வேண்டியதுதான். மாமனாருக்குக் கால் வீக்கம் முழுக்க வடியவில்லை. ஆனால் மேலே ஏறவில்லை என்று நர்ஸம்மா சொல்கிறார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் கல் குவாரிப் பக்கத்திலிருந்து சிலர் வந்தார்கள். அந்தப் பக்கம் புதிதாகப் போர் போட்டிருக்கிறார்கள். நல்ல ஆழத்தில் தண்ணீர் வந்திருக்கிறது. ஒரு பாட்டிலில் பிடித்து எடுத்துக்கொண்டு போர்க்காரரைத் தேடி வந்திருந்தார்கள். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் பாட்டிலை நீட்டினார்கள்.

"இறைச்சு விட்டுட்டுத்தான் பிடிச்சோம் பெரியவரே. நீங்க ஒரு வாய் வச்சுச் சொல்லிட்டீங்கன்னா குழாயை இறக்கிடுவோம்" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

டெய்லர் அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மகன் பையோடு நின்றுவிட்டான். மருமகள் அப்போதுதான் பிளான்டைப் பூட்டிக்கொண்டு வந்து படியில் கால் வைத்திருந்தாள்.

போர்க்காரர் பாட்டிலை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒருகாலத்தில் அவர் போரில் பீறிட்டு வந்ததும் அப்படித்தான் இருந்தது. மூடியை அவர் திறக்கவில்லை.

"என் நாக்கு உப்பு வரைக்கும்தான் சொல்லும்" என்றார். "தண்ணி நல்ல தண்ணியான்னு தெரியணும்னா ஆள் வேற."

நாற்காலிக் கையைப் பிடித்து ஊன்றி எழுந்தார். வீங்கிய காலோடு இரண்டு படி இறங்கி, பாட்டிலை மருமகள் கையில் கொடுத்தார். பிறகு வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "எங்க மருமகளைக் கேளுங்க. அவ சொன்னா குடிங்க. வேண்டாம்னா, நானே வந்து கம்பியை உருவிக் கொடுக்கறேன்."

வந்தவர்கள் அவளைப் பார்த்தபடி நின்றார்கள். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எந்த இடத்துல போட்டீங்க? வாங்க, உட்கார்ந்து சொல்லுங்க" என்றாள்.